மேலுறை இழந்த சஞ்சிகைகள்

பிற்காலத்தில் தம் நாட்டின் புகழ்பெற்ற கவிஞர்களில் ஒருவராகவும் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் அமெரிக்கத் தூதராகவும் விளங்கவிருந்த ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல், 23 வயதே நிரம்பியிருந்த காலத்தில், 1843-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பாஸ்டன் நகரத்தில் நண்பர் ஒருவரோடு கூடி 'பயனியர்' என்னும் மாத சஞ்சிகையைத் தொடங்கினார். சாரமற்ற காதற்கதைகளும் ஆடை அலங்காரப் படங்களும் நிறைந்திருந்த அக்காலப் பத்திரிகை உலகத்தில் உயர்ந்த இலக்கியத்துக்கு ஓரிடம் தேட வேண்டும் என்ற அவருடைய ஆசை மூன்று மாதங்களுக்குள் முடிந்துபோயிற்று. கண்நோய் கண்டது, பணம் வற்றியது, கடன் மிஞ்சியது. ஆயினும், வெளிவந்த அந்த மூன்று இதழ்களுள் முதலாவதில், ஒரு கிழவனைக் கொன்று தரைப்பலகைகளுக்கு அடியில் மறைத்தவனின் காதில் அந்த இறந்த நெஞ்சு ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்து அவனைக் காட்டிக்கொடுக்கும் கதை முதன்முதலாக அச்சேறிற்று. எழுதியவர் எட்கர் ஆலன் போ. அவருக்குக் கிடைத்த சன்மானம் 10 டாலர்.

இக்கதை போவின் ஆயுட்காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இடம்பெறவில்லை. 1845-இல் நியூயார்க்கில் வெளியான அவருடைய கதைத் தொகுதியில் 12 கதைகள் இருந்தன. அவற்றுள் இது இல்லை. 1849 அக்டோபரில் அவர் இறந்த பிறகு, 1850-இல் வெளியான தொகுப்பில்தான் இது நூலுருவம் பெற்றது. ஆகவே, ஆசிரியர் கண்ணால் கண்டதும், அவர் காலத்து வாசகர் கையால் தொட்டதுமான வடிவம் எது என்று கேட்டால், பழம்பொருள் ரசிகர்கள் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைக்கும் தோலட்டைப் புத்தகத்தை நாம் காட்ட முடியாது. மூன்று மாதத்தில் மடிந்துபோன ஒரு சஞ்சிகையின் முதல் இதழையே காட்ட வேண்டும். நூல் சேகரிப்போர் 'முதற்பதிப்பு' என்று சொல்லும்போது நெடுங்காலமாகப் புத்தகத்தையே கருதி வந்தனர். அந்த வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கதைகளுக்கு அநீதி செய்துவிட்டது என்பதே என் துணிபு. ஏனெனில் அக்கதைகள் பிறந்த வீடு சஞ்சிகை. புத்தகம் அவை பின்னாளில் தத்துப் போன வீடு.

அவை சஞ்சிகையில் பிறந்ததற்கு இலக்கிய ருசி மட்டும் காரணமன்று, சட்டமும் காரணம். 1790-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் தன் நாட்டாருக்கே பாதுகாப்பு அளித்தது. அயல்நாட்டு ஆசிரியரின் நூலை யார் வேண்டுமானாலும் ஒரு காசும் கொடாமல் அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற நிலை 1891 வரையில் நீடித்தது. ஸ்காட்டையும் டிக்கன்ஸையும் இனாமாகப் பெற்று மலிவு விலையில் விற்று லாபம் காணக்கூடிய பதிப்பாளனுக்கு, பெயர் தெரியாத ஓர் உள்நாட்டு இளைஞனின் கதைத் தொகுதிக்கு ராயல்டி கொடுத்து அச்சிட என்ன முகாந்தரம் இருக்கிறது? எனவே எழுத்தாளர்கள் பக்கக் கணக்கில் சன்மானம் கொடுத்த சஞ்சிகைகளின் வாசலில் நின்றார்கள். ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க அளவும், முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரையில் ஒரே உணர்ச்சியை நோக்கிச் செல்லும் கட்டுக்கோப்பும் கொண்ட சிறுகதை என்ற வடிவம் அந்த நாட்டில் அத்தனை விரைவாகத் தழைத்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் சொல்வதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

பிலடெல்பியாவும் பாஸ்டனும் நியூயார்க்கும் இந்தச் சஞ்சிகைகளுக்குத் தலைநகரங்களாயின. ரிச்மண்டில் 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்'. பிலடெல்பியாவில் 'பர்ட்டன்ஸ் ஜென்டில்மன்ஸ் மேகஸின்', அதை ஜார்ஜ் கிரஹாம் விலைக்கு வாங்கித் தம் பழைய சஞ்சிகையோடு இணைத்து உருவாக்கிய 'கிரஹாம்ஸ்', பெண்களின் பேரபிமானத்தைப் பெற்ற 'கோடீஸ் லேடீஸ் புக்'. நியூயார்க்கில் 1850 ஜூனில் தோன்றிய 'ஹார்ப்பர்ஸ்', 1853-இல் தோன்றிய 'புட்னம்ஸ்'. பாஸ்டனில் 1857-இல் நம் லோவெல்லையே முதல் ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய 'அட்லாண்டிக்'. மேற்குக் கோடியில் சான் பிரான்சிஸ்கோவில் 1868-இல் எழுந்த 'ஓவர்லாண்ட் மன்த்லி'. இவற்றின் பழைய இதழ்களைப் புரட்டினால் உலக இலக்கியத்தின் பிறப்புப் பதிவேட்டையே புரட்டுவது போன்ற உணர்ச்சி எழுகிறது. போவின் அஷர் மாளிகை இடிந்து விழும் கதை 1839 செப்டம்பர் 'பர்ட்டன்ஸ்' இதழில் வந்தது. துப்பறியும் கதை என்ற ஜாதிக்கே மூலபுருஷனான, போ படைத்த துயுபேன், 1841 ஏப்ரல் 'கிரஹாம்ஸ்' இதழில், ரூ மோர்க் தெருக் கொலைகளை ஆராய வந்தார். அக்கதைக்கு மற்றொரு அதிர்ஷ்டமும் வாய்த்தது: அச்சுக் கோத்த பின் குப்பைக்கூடையில் எறியப்பட்ட கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு பையன் எடுத்துப் பத்திரப்படுத்தினான், அது இன்று பிலடெல்பியாவின் பொது நூலகத்தில் இருக்கிறது.

இனி, இக்கதைகளைத் தேடிச் செல்வோருக்கு முதல் இடையூறாக நிற்பது அநாமதேயம். அக்காலச் சஞ்சிகைகளில் பல, கதைக்குக் கீழே ஆசிரியர் பெயரைப் போடுவதில்லை. நதானியல் ஹாதார்ன் பல ஆண்டுகள் இவ்வாறே எழுதினார். 1835 ஏப்ரலில் 'நியூ-இங்கிலாண்ட் மேகஸின்' வெளியிட்ட அவருடைய 'இளைஞன் குட்மன் பிரவுன்' என்ற கதையின் கீழ், முன்னர் வந்த வேறொரு கதையின் ஆசிரியர் எழுதியது என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. 'மோபி-டிக்' நாவலால் புகழும் பொருளும் பெறாமல் மனம் நொந்திருந்த ஹெர்மன் மெல்வில், வேலை செய்ய விருப்பமில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும் எழுத்தன் பார்ட்டில்பியின் கதையை 1853 நவம்பர், டிசம்பர் 'புட்னம்ஸ்' இதழ்களில் வெளியிட்டபோது, அவர் பெயர் எங்கும் இல்லை. சன்மானம் பக்கத்துக்கு 5 டாலர். பிரெட் ஹார்ட்டின் தங்கச் சுரங்கக் கதையான 'ரோரிங் கேம்ப்' 1868 ஆகஸ்டு 'ஓவர்லாண்ட்' இதழில் வந்தபோதும் கையொப்பமில்லை. பெயரைத் தேடுபவன் கண்ணில் இவை படமாட்டா. கதையை அறிந்தவன், நடையை அறிந்தவன், ஆண்டையும் மாதத்தையும் நெஞ்சில் வைத்திருப்பவன், தூசி படிந்த கட்டு ஒன்றைக் குனிந்து பிரிக்கும்போது, மற்றவர் கண்ணுக்குப் பழைய காகிதமாகத் தோன்றுவதில் அவன் பார்ட்டில்பியைக் காண்கிறான். இந்தச் சேகரக் கலையின் ஆனந்தமெல்லாம் இந்த அறிவில்தான் இருக்கிறது; பணத்தால் மட்டும் இதை அடைய இயலாது.

முதல் அச்சைத் தேடுவது வெறும் மோகம் என்று எண்ணுவோருக்கு வேறொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் பாடம் பெரும்பாலும் நாம் பள்ளியிலும் தொகுதியிலும் படித்த பாடமன்று. போ தம் கதைகளைச் செதுக்கிக்கொண்டே இருந்தவர். 'லிஜீயா' 1838 செப்டம்பரில் பால்டிமோர் நகரத்து 'அமெரிக்கன் மியூசியம்' சஞ்சிகையில் வெளியானபோது, இன்று அக்கதையின் நடுவில் நின்று நம்மை நடுங்கச் செய்யும் வெற்றிப் புழுவைப் பற்றிய கவிதை அதில் இல்லை. அக்கவிதை 1843-இல் தனியே பிறந்து, அதற்குப் பிறகே கதைக்குள் குடியேறிற்று. 'நீள்வட்டச் சித்திரம்' என நாம் அறியும் சிறுகதை, 1842 ஏப்ரல் 'கிரஹாம்ஸ்' இதழில் வேறு தலைப்போடு, அபினி உண்ட ஒருவனுடைய நீண்ட முன்னுரையோடு இருந்தது. மூன்று ஆண்டுக்குப் பின் ஆசிரியரே முன்பாதியை அறுத்தெறிந்து இப்போதைய கச்சிதமான வடிவத்தைத் தந்தார். மார்க் ட்வெயினின் தாவும் தவளைக் கதை 1865 நவம்பர் 18-இல் நியூயார்க் 'சாட்டர்டே பிரஸ்' வாரப் பத்திரிகையில் வந்தபோது தவளைக்காரன் ஜிம் ஸ்மைலி; ஒரே மாதத்தில் கலிபோர்னியாவில் மறுபடி அச்சானபோது அவன் ஜிம் கிரீலி; 1867-இல் புத்தகமானபோது மீண்டும் ஸ்மைலி. இவ்வாறு ஓர் ஆசிரியரின் மனம் எப்படி நகர்ந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால், சஞ்சிகைப் பக்கத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இந்தச் சாட்சிகள் எவ்வாறு அழிந்தன என்ற வரலாறு துயரமானது. எரித்தவர்களும் கிழித்தவர்களும் பகைவர்களல்லர் என்பது அத்துயரத்தை இன்னும் கூட்டுகிறது. பெரும்பாலானவற்றை அழித்தது அன்பே. சந்தாதாரர் தம் வீட்டுக்கு வந்த மாத இதழ்களை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ சேர்த்து வைத்து, பதிப்பாளர் கடைசி இதழோடு அனுப்பிய தலைப்புப் பக்கத்தையும் அட்டவணையையும் முன்னே வைத்து, பைண்டரிடம் கொடுத்தார். வார இதழ்த் தொடர்கதைகளைச் சேர்த்து பைண்டு செய்து பரம்பரையாகக் காத்த குடும்பங்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பைண்டர் முதலில் செய்த காரியம், ஒவ்வோர் இதழையும் போர்த்தியிருந்த மெல்லிய வண்ணக் காகித மேலுறையைக் கிழித்து எறிந்ததுதான். அவ்வுறையில் இதழின் மாதமும் விலையும் இருந்தன; அம்மாத உள்ளடக்கமும் விளம்பரங்களும் பல சஞ்சிகைகளில் அவ்வுறையிலேயே இருந்தன. பின்னர் கத்தியால் மூன்று பக்க ஓரங்களையும் சமமாக வெட்டினார். வீட்டு அலமாரிக்கு அழகான தொகுதி கிடைத்தது. தனித்தனி இதழாகக் கதை உலகத்துக்கு வந்த கோலம் மறைந்தது. அதனால்தான் இன்று ஆயிரக்கணக்கில் கிடைக்கும் பைண்டு தொகுதிக்கும், தையல் குலையாமல் தன் மேலுறையோடு நிற்கும் ஒற்றை இதழுக்கும் சேகரிப்பவர் கண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருக்கிறது.

பைண்டரிடம் தப்பியவை படப்பிரியரிடம் அகப்பட்டன. 'கோடீஸ்' சஞ்சிகையில் மாதந்தோறும் பெண்கள் கையால் வண்ணம் தீட்டிய ஆடை அலங்காரப் படம் ஒன்று இருக்கும். அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டுவதும், பின்னாளில் கடைக்காரர்கள் படத்தைத் தனியே விற்றுவிட்டு எழுத்துப் பக்கங்களைக் கழிவாக ஒதுக்குவதும் வழக்கமாயின. 1846 நவம்பர் இதழ் ஒன்றைப் பிரித்துப் படத்தை எடுத்துக்கொண்டவர், மீதியோடு எறிந்தது எதை? நண்பனை நிலவறைக்கு அழைத்துச் சென்று உயிரோடு சுவர் வைத்து மூடிய மாண்ட்ரெசோரின் கதையை. 'அமோண்டில்லாடோ மதுப்பீப்பாய்' முதன்முதலாக அச்சான பக்கங்களை.

சஞ்சிகைக்கு நேர்ந்தது இவ்வளவென்றால், செய்தித்தாள் வடிவில் வந்தவற்றின் கதி சொல்லவே வேண்டாம். போவின் 'தங்க வண்டு' 100 டாலர் பரிசு பெற்று 1843 ஜூன் 21, 28 தேதிகளில் வெளியானது பிலடெல்பியாவின் 'டாலர் நியூஸ்பேப்பர்' என்ற தாளில்; பரிசுக்கு அனுப்புவதற்காகவே, முன்னர் கிரஹாமுக்குக் கொடுத்திருந்த பிரதியை அவர் திரும்பப் பெற்றிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் நாட்டின் மனச்சாட்சியையே உலுக்கிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்', 1852-இல் புத்தகமாவதற்கு முன், 1851 ஜூன் 5 முதல் வாஷிங்டனில் 'நேஷனல் இரா' என்னும் அடிமைமுறை எதிர்ப்பு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. படித்தபின் இத்தாள்கள் பொட்டலம் கட்டவும் அடுப்பு மூட்டவும் போயின. எஞ்சியவை கந்தலோடு கந்தலாகக் காகித ஆலைக்குத் திரும்பின. ஒரு விநோதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1840-களின் காகிதம் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து செய்தது. இன்றும் வெண்மை குன்றாமல், மடித்தால் முறியாமல் இருக்கிறது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் காகிதம் பரவிற்று. அதிலுள்ள அமிலம் தாளைத் தானே தின்னும். ஆகவே, 1890 ஜூலை 13-இல் 'சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர்' ஞாயிறு தாளில் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் எழுதிய அவுல் க்ரீக் பாலத்துக் கதையின் முதல் அச்சைக் கையில் எடுப்பதைவிட, அதற்கு அரை நூற்றாண்டு மூத்த போவின் கதையை எடுப்பது எளிது. முன்னதைத் தொட்டாலே பழுத்த இலைபோல் நொறுங்கும்.

இவற்றையெல்லாம் காத்தவர்கள் எவர்? 1812-இல் ஐசையா தாமஸ் என்ற அச்சுத் தொழிலதிபர் மாசசூசெட்ஸ் மாகாணத்து வர்ஸ்டர் நகரத்தில் நிறுவிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டிக்கு முதல் வணக்கம் செலுத்த வேண்டும். புத்தகம், துண்டுப் பிரசுரம், செய்தித்தாள், சஞ்சிகை என முற்காலத்தில் தன் நாட்டில் அச்சானது எதுவாயினும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கொள்கையோடு இரண்டு நூற்றாண்டுகளாக அது உழைத்து வருகிறது. தனி மனிதச் சேகரக்காரர்களோ நெடுங்காலம் புத்தகத்தின் பின்னேயே ஓடினர். 1827-இல் பாஸ்டனில், ஆசிரியர் பெயரில்லாமல் வந்த போவின் முதல் கவிதைச் சிறுநூலான 'டாமர்லேன்' அவர்களுடைய வேட்டைக்கு உச்சப் பொருளாயிற்று. 1925-இல் வின்சென்ட் ஸ்டாரெட் என்ற எழுத்தாளர், உங்கள் பரணில் 'டாமர்லேன்' இருக்கிறதா என்று கேட்டு 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுத, அதைப் படித்த வர்ஸ்டர் பெண்மணி ஒருவர் தம் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்து ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். 1988-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பழம்பொருள் கொட்டகை ஒன்றில் 15 டாலருக்கு வாங்கப்பட்ட பிரதி, அதே ஆண்டில் ஏலத்தில் 1,98,000 டாலருக்குப் போயிற்று. இவ்வளவு பரபரப்பும் ஒரு சிறு புத்தகத்துக்காக. அதே பரணில், அதே கொட்டகையில், அட்டையற்றுக் கிடந்த சஞ்சிகைக் கட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் எண்ணம் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

கல்விமான்களும் இக்குறைக்கு விலக்கல்லர். ஜேக்கப் பிளாங்க் தொடங்கி, 1955 முதல் 1991 வரையில் 9 தொகுதிகளாக வந்த அமெரிக்க இலக்கிய நூற்பட்டியல், சேகரிப்போருக்கு வேதம் போன்றது. அந்த மகத்தான உழைப்பும் நூல் வடிவத்தையே கணக்கில் கொண்டு, சஞ்சிகையில் வந்தவற்றைப் புறத்தே நிறுத்திற்று. சஞ்சிகைகளின் சரித்திரத்தை எழுதும் பொறுப்பை ஃபிராங்க் லூதர் மாட் என்னும் பேராசிரியர் ஏற்றார். 1930 முதல் வெளிவந்த அவருடைய 5 தொகுதிகளே, எந்தச் சஞ்சிகை எப்போது பிறந்து எப்போது மறைந்தது, யார் நடத்தினார், யார் எழுதினார் என்பதற்கு இன்றளவும் கைவிளக்கு.

ஆனால் என் மனத்தை எல்லாவற்றினும் கவர்ந்த வரலாறு லியோனா ராஸ்டன்பெர்க், மேடலின் ஸ்டெர்ன் என்ற இரு தோழியரின் வரலாறு. நியூயார்க்கில் கூட்டாகப் பழைய நூல் வாணிகம் நடத்திய இவ்விருவரும், வாணிகத்தையும் ஆராய்ச்சியையும் பிரித்துப் பார்க்காதவர்கள். 'லிட்டில் விமன்' நாவலில் வரும் ஜோ, குடும்பத்தின் வறுமை தீர ரகசியமாகப் பரபரப்புக் கதைகள் எழுதிப் பத்திரிகைக்கு விற்கிறாள் அல்லவா? அதை எழுதிய லூயிசா மே ஆல்காட்டும் அவ்வாறு எழுதியிருக்க வேண்டும் என்ற ஐயம் நெடுநாளாக இருந்தது, ஆதாரம் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹௌட்டன் நூலகத்தில் இருந்த குடும்பக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்த ராஸ்டன்பெர்க், பாஸ்டன் பதிப்பாளர் ஜேம்ஸ் எலியட் ஆல்காட்டுக்கு எழுதிய 5 கடிதங்களைக் கண்டார். ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரும், கதைகளின் தலைப்பும், அவை வெளியான 'ஃபிளாக் ஆஃப் அவர் யூனியன்' என்ற வாரப் பத்திரிகையின் பெயரும் அக்கடிதங்களில் இருந்தன. 1943-இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மங்கிய தாள்களிலிருந்து அக்கதைகளைத் திரட்டி, 1975-இல் ஸ்டெர்ன் புத்தகமாக்கினார்; குழந்தைகளின் அருமைத் தோழி என்று உலகம் கொண்டாடிய அம்மையார், பழிவாங்கும் பெண்களையும் வேடமிட்டு ஏமாற்றும் பெண்களையும் எவ்வளவு வேகத்தோடு படைத்திருக்கிறார் என்பது நூறாண்டுக்குப் பிறகு தெரியவந்தது. அந்தப் பத்திரிகையின் இதழ்களை யாரும் வைத்திராவிட்டால், கடிதத்தில் உள்ள தலைப்புகள் தலைப்புகளாகவே நின்றிருக்கும். அதே பத்திரிகையில்தான், ஆல்காட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பு, 1849 மார்ச் 17-இல், அரசனையும் அமைச்சர்களையும் சங்கிலியில் தூக்கி எரித்த குள்ளன் 'ஹாப்-ஃபிராக்' கதையைப் போ வெளியிட்டார் என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

போவே இத்தாள்களின் அருமையை அறிந்திருந்தார். நியூயார்க்கில் அவர் தமக்கே சொந்தமாகப் பெற்ற ஒரே பத்திரிகை 'பிராட்வே ஜர்னல்'. 1845 அக்டோபரில் அவர் கைக்கு வந்து, 1846 ஜனவரி 3-ஆம் தேதி இதழோடு நின்றுபோயிற்று. 1848-இல் பிராவிடென்ஸ் நகரத்துக் கவிஞர் சாரா ஹெலன் விட்மனை மணக்க எண்ணிப் பழகிய நாளில், அப்பத்திரிகையின் தொகுப்பை அவருக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன், பக்கம் பக்கமாகப் புரட்டி, பெயரில்லாமல் தாம் எழுதிய பகுதிகளுக்கு எதிரே, பென்சிலால் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் குறித்தார். விவாகம் நடைபெறவில்லை, அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். பென்சிற் குறிகளோடு கூடிய அந்தத் தொகுப்பு கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.